டாக்டர் சொன்னதும் தங்கைக்கு நான் சொன்னதும்

போன இரண்டு வாரமும் இந்த இடத்தில் என் எழுத்து வரவில்லை. ஆசிரியர் ஒரு சமையல் குறிப்பைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார். கத்தரிக்காய் சம்பால் பிரமாதமாக வந்தது என்று தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எனக்கு அல்ல, ஆசிரியருக்கு.

சிலர் நிஜமாகவே கவலைப்பட்டிருக்கிறீர்கள். உடம்புக்கு என்ன என்று கேட்டு நாலைந்து கடிதங்கள். போஸ்ட் ஆபீஸ் வரிசையில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "என்னம்மா, எழுதறத விட்டாச்சா?" என்றார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். அதை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதலாம் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன். பஸ் கூட்டம், பக்கத்து வீட்டு ரேடியோ... ஒன்றும் ஓடவில்லை.

என் தங்கை பாக்கியத்தைப் பற்றி நான் இங்கே எழுதியதே இல்லை. என்னைவிட ஐந்து வயது இளையவள். பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய காதைக் கொண்டுபோய்விட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் அவள் 'ஊமச்சி'. பாக்கியம் என்ற பெயர் பிறப்புப் பத்திரத்தில் மட்டும்தான் இருந்தது.

அவளோடு பேச ஒரு கைப்பாஷை உண்டாக்கினோம், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. மேல்கையில் விரலால் குத்தினால் டாக்டர். தோட்டத்தில் எங்களுக்கு டாக்டராக இருந்த ட்ரெஸ்ஸர் போட்ட ஊசியிலிருந்து வந்த சைகை அது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் செத்துப்போனது. கோழிக்கும் அதுதான், மனிதருக்கும் அதுதான்.

வளர்ந்த பிறகு அவளுக்கு நான்தான் எல்லா இடத்திலும் வாய். அடையாளக் கார்டு ஐ.சி. எடுக்கப் போனாலும் நான். துணிக்கடையில் பேரம் பேசினாலும் நான். கல்யாணப் பதிவுக்கு, "சம்மதமா?" என்று அதிகாரி கேட்டபோது, "சம்மதம்" என்று சத்தமாகச் சொன்னதும் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் வீட்டுக்காரர் குணாவுக்கும் காது கேட்காது. ஈப்போவில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் வேலை. பினாங்கில் காது கேட்காதவர்களுக்கான பள்ளியில் தங்கிப் படித்தவர், மலாய் நன்றாக எழுதுவார். அவர் கைகள் பேசுவது வேறு பாஷை. வேகமாக, விரல் விரலாகப் போகும். நாலு வருஷத்தில் பாக்கியம் அதைப் பிடித்துக்கொண்டாள். தன் பெயரை எழுதவும் கற்றுக்கொண்டாள். நான் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கெதற்கு? எனக்கும் அவளுக்கும்தான் ஒன்று இருக்கிறதே...

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பாக்கியத்துக்கு இது முதல் குழந்தை. எட்டாவது மாதக் கடைசியில் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். நான் வேலை பார்க்கும் லாயர் ஆபீசில் அரைநாள் லீவு எடுத்திருந்தேன். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

குழந்தை தலைமேலாக உட்கார்ந்திருக்கிறது. இன்னும் திரும்பலாம். திரும்பாவிட்டால் ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் வலி தொடங்கியதும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வரவேண்டும். இதையெல்லாம் தங்கையிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிஷம் பேசியிருப்பார். பாக்கியம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் முகத்தை. "என்ன?" என்று புருவத்தைத் தூக்கினாள்.

நான் சொன்னேன்: குழந்தை நல்லா இருக்கு. நல்லா சாப்பிடு. வலி வந்தா உடனே வரணும்.

அவள் டாக்டரைக் காட்டி இரண்டு கைகளையும் அகல விரித்தாள். என்னைக் காட்டி இரண்டு விரலைக் குறுக்கிப் பிடித்தாள். அவங்க அவ்வளவு பேசினாங்க, நீ இவ்வளவுதான் சொல்றியே?

இங்கிலீஷ் அப்படித்தான், நீளம் என்று சைகை காட்டினேன்.

டாக்டரம்மா கேட்டார், "புரிஞ்சுதா அவங்களுக்கு?"

"புரிஞ்சுது டாக்டர். சரின்னு சொல்றா," என்றேன்.

அவர் கார்டில் ஏதோ எழுதினார். வெளியே வந்தோம். பாக்கியம் ஐஸ் கச்சாங் சாப்பிடலாம் என்றாள். சாப்பிட்டோம்.

ஏன் அப்படிச் செய்தேன்? அன்றைக்குக் கேட்டிருந்தால் நூறு காரணம் சொல்லியிருப்பேன். எப்படியும் திரும்பிவிடும், வீணாக ஏன் கலவரப்படுத்துவது. சொன்னால் ராத்திரியெல்லாம் தூங்கமாட்டாள். ஆபரேஷன் என்பதை எங்கள் கைப்பாஷையில் எப்படிச் சொல்வது... பயத்தினால் மறைத்தேன்.

அடுத்த மூன்று வாரம் தூங்காமல் இருந்தது நான்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு புந்தோங்கில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போவேன். அவள் குழந்தைக்குத் தைத்த சட்டைகளை எடுத்து வைப்பாள். நான் வயிற்றைப் பார்ப்பேன். திரும்பியிருக்குமா? மேலே புடைத்துக்கொண்டிருப்பது தலையா, காலா? "இங்க உதைக்குதா, அங்க உதைக்குதா?" என்று கேட்பேன். ஒரு வாரம் அவள் மேலே காட்டினாள், ஒரு வாரம் கீழே. மேலே காட்டிய வாரம் நிம்மதி, கால் மேலே என்றால் தலை கீழே. கீழே காட்டிய வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லாமலே திரும்பி வருவேன்.

குணாவிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் அங்கேயேதான் இருந்தார், எனக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை. ஆபீசுக்குப் போன் வந்தது. பாக்கியத்தின் பக்கத்து வீட்டு அக்கா, கடைத்தெருவிலிருந்து பேசினார். "வலி வந்திருச்சும்மா. குணா இல்ல, காலையிலேயே லோரியில போயிட்டாரு. நீங்க வாங்க, சீக்கிரம் வாங்க."

குணா சித்தியவானில் ஒரு புது வீட்டுக்கு அலமாரி பொருத்தப் போயிருந்தார். நான் டாக்சி பிடித்து, பாக்கியத்தை ஏற்றி, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். அதனால் பேச முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கை சும்மாதானே இருந்தது?

பிரசவ வார்டு வாசலில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி அவளை உள்ளே அழைத்துக்கொண்டார். துணைக்கு யாரும் போகக் கூடாது.

"மிஸ்ஸி, அவளுக்குக் காது கேக்காது," என்றேன்.

"பரவால்லலா. நாங்க சத்தமா பேசுறோம்."

கதவு சாத்திக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். சத்தமாகப் பேசினால்? இன்னும் பெரிதாகக் கேட்காது, அவ்வளவுதான். 'மூச்சை இழு' என்பதை எப்படிச் சொல்வார்கள்? 'இப்போது முக்காதே' என்பதை? உள்ளே எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்களே... பாக்கியம் உதட்டைப் பார்த்துக் கொஞ்சம் பிடித்துக்கொள்வாள். உதட்டையே மூடிவிட்டால்? முதுகுப் பக்கமாக நின்று கூப்பிட்டால்? இத்தனை வருஷம் அவளோடு இருந்துவிட்டு, இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நான் பக்கத்தில் இல்லாத ஒரு இடத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதுதான் காரணம்.

பத்துக் காசு போட்டுப் பட்டறைக்குப் போன் பண்ணினேன். முதலாளி தவுக்கே எடுத்தார். "அவனுக்கு நான் எப்படிப் போன்ல சொல்றது?" என்றார் மலாயில். நியாயமான கேள்விதான். அந்தப் புது வீட்டுக்குப் போன் பண்ணி, அங்கே யாரையாவது ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றேன். "ஆமாலா, அப்படிச் செய்யலாம்," என்றார்.

பதினொரு மணி இருக்கும். கதவு திறந்தது. வேறொரு மிஸ்ஸி, தமிழ்ப் பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். பெயர் மேரி என்று பிறகு தெரிந்தது.

"பாக்கியத்தோட ஆளு யாரு?"

எழுந்தேன்.

"அக்கா, புள்ளயோட நெஞ்சுத் துடிப்பு இறங்குது. உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா இவங்க என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க. கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. ஒரு மிஸ்ஸியோட முகமூடியப் புடிச்சு இழுத்துட்டாங்க. ஏன் இப்படி? முன்னாடியே விஷயம் தெரியும்ல?"

மிஸ்ஸி கையிலிருந்த கார்டைப் புரட்டினார்.

"கார்டுல எழுதியிருக்கே. அக்கா மூலமா விவரம் சொல்லியாச்சுன்னு."

"நான் சொல்லல மிஸ்ஸி," என்றேன். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

மேரி மிஸ்ஸி என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு நொடி பார்த்தார், அவ்வளவுதான். "வாங்க. இப்ப சொல்லுங்க."

உள்ளே இரண்டு பேர் ஆளுக்கொன்றாகப் பாக்கியத்தின் கைகளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. கட்டிலிலிருந்து விழுந்துவிடுவாளோ என்ற பயம். ஆனால் அவளுடைய கையைப் பிடித்தால் வாயைப் பொத்தியது போல என்று அவர்களுக்கு யார் சொன்னது?

"கைய விடுங்க," என்றேன். விட்டார்கள்.

கை விடுபட்டதும் பாக்கியம் பேசினாள். மூக்கைத் தொட்டாள். ஏதோ ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவது போல் காட்டினாள். உள்ளங்கையைக் கவிழ்த்தாள். பிறகு தன் வயிற்றைத் தொட்டு, மறுபடியும் உள்ளங்கையைக் கவிழ்த்தாள். கண்ணால் கேட்டாள்.

உங்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பதினொரு வயதும் அவளுக்கு ஆறு வயதுமாக இருந்தபோது எங்கள் அம்மா பிரசவத்தில் இறந்துபோனார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனதை நாங்கள் இருவரும் ஜன்னலோரம் நின்று பார்த்தோம். பிறகு அம்மாவையும் காணோம், பிள்ளையையும் காணோம். எனக்கு அப்பா சொன்னார். பாக்கியத்துக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். பல மாதம் கழித்து, செத்துப்போன ஒரு கோழியை வைத்துத்தான் நான் அவளுக்கு அதைச் சொன்னேன்.

இப்போது அவள் கண்ணெதிரே அதே தள்ளுவண்டி. சுற்றிலும் முகமில்லாத ஆட்கள். அவள் வேறு என்ன நினைப்பாள்?

இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். பிள்ளை உயிரோடு இருக்கிறது. தலை மேலே, கால் கீழே. வர முடியவில்லை. டாக்டர் வெட்டி எடுப்பார். வெட்டுவதற்கு எங்களிடம் ஒரு சைகைதான் உண்டு, ரப்பர் பால்மரம் சீவுவது. கத்தியை வளைத்து இழுப்பது போல அவள் வயிற்றுக்கு மேலே இழுத்துக் காட்டினேன். பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பது போலக் காட்டினேன். தைப்பது போலவும்.

கிளினிக் கார்டைச் சுட்டிக் காட்டினாள். மேல்கையில் குத்தினாள். டாக்டர். அன்றைக்கு. பிறகு என்னைச் சுட்டினாள். உனக்குத் தெரியுமா?

அந்த இடத்திலும் ஒரு பொய் என் கையில் தயாராக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

காது கேட்கிறவர்கள் கண்ணை மூடினாலும் நாம் பேசலாம். அவள் மூடிவிட்டால் பேச வழியே கிடையாது. தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள். மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னால் முடியவில்லை என்று யாரிடம் சொல்வது?

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா," என்றார் மேரி மிஸ்ஸி.

அவர் தன் முகமூடியைக் கீழே இறக்கினார். குழந்தையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலைப் பாக்கியத்தின் வயிற்றில் வைத்துக் காதைப் பதித்தார். பிறகு பாக்கியத்தின் ஒரு கையைக் கம்பியிலிருந்து மெல்லப் பிரித்து, அந்த உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டினார். தட், தட், தட்... உள்ளே என்ன கேட்டதோ, அது அப்படியே அந்த விரலில் வந்தது.

பாக்கியம் கண்ணைத் திறந்தாள்.

மிஸ்ஸி தலையைத் தூக்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். பாக்கியம் தன் கையைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். வலி ஒன்று வந்தது. அவள் உடம்பு முறுகியது. மிஸ்ஸியின் விரல் மெதுவாயிற்று. தட்... தட்... நீண்ட இடைவெளி... தட். வலி போனதும் விரல் மறுபடி கொஞ்சம் வேகம் பிடித்தது. முன்பிருந்த வேகம் இல்லை.

அப்போதுதான் மிஸ்ஸி நிமிர்ந்து, தள்ளுவண்டியைக் காட்டினார். சீக்கிரம் என்று கையைச் சுழற்றினார்.

பாக்கியம் என்னைக் கேட்கவில்லை. மிஸ்ஸியைத்தான் கேட்டாள். தன்னைத் தொட்டாள், கதவைக் காட்டினாள், திரும்பி வருவது போலக் காட்டினாள். நான் வருவேனா?

மிஸ்ஸி தலையாட்டினார். நானும் உன்கூட வருகிறேன் என்று தன்னையும் அவளையும் மாறி மாறிக் காட்டினார். முகமூடியை மேலே ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிக் காட்டினார். உள்ளே மூடியிருப்பேன், ஆனாலும் நான்தான்.

பாக்கியம் கம்பியை விட்டாள். சம்மத ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, வலிக்கு நடுவே, தன் பெயரைத் தானே எழுதினாள். கோணல் மாணலாக, ஆனால் எழுத்து விடாமல்.

வண்டி போயிற்று. மறுபடி பெஞ்ச். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

குணா ஓடி வந்தபோது சட்டையெல்லாம் மரத்தூள். கையில் ஒரு காகிதம், யாரோ பெரிய எழுத்தில் மலாயில், 'மனைவி ஆஸ்பத்திரியில்' என்று எழுதியது. அவர் கைகள் வேகமாகக் கேட்டன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் நடந்ததை எழுதினேன். மூன்று வாரத்துக்கு முன்பே டாக்டர் சொன்னதையும் எழுதினேன்.

அவர் படித்தார். இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கிக் கீழே மலாயில் எழுதினார்: 'என்னிடம் ஏன் சொல்லவில்லை? எனக்குப் படிக்கத் தெரியுமே.'



பெண் குழந்தை. இரண்டரைக் கிலோ. முதலில் அழவில்லையாம், பிறகு அழுததாம். மேரி மிஸ்ஸி வெளியே வந்து, குணாவின் முகத்துக்கு நேராக நின்று, இரண்டு விரலை உயர்த்தி, அம்மாவும் பிள்ளையும் நலம் என்று காட்டினார். எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாள் பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. விரால் மீன் சூப் கொண்டுபோவேன். குடிப்பாள். சுவரைப் பார்த்துக்கொண்டே ஃபிளாஸ்க்கைத் திருப்பித் தருவாள். பக்கத்துக் கட்டில் அம்மா, "வலி போல, பாவம்," என்றார். வலிதான்.

நாலாவது நாள் அவளே என் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். மூக்கைத் தொட்டாள். லயத்து வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பது போல நெற்றியில் கை வைத்தாள். பல நாள், பல நாள் என்று விரலை மடக்கினாள். அம்மா வரும்னு நான் காத்திருந்தேன். நீ பாத்த. தெரிஞ்சுகிட்டே பாத்த.

எனக்கு அப்போ பதினொரு வயசு என்று காட்டினேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இப்ப?

இப்போது முப்பத்து மூன்று.

அன்று மாலை, கிளினிக்கில் பார்த்த அதே டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். தையல் ஒரு ஓரத்தில் சரியாகச் சேரவில்லை, இன்னும் சில நாள் இருக்க வேண்டும், அடுத்த பிள்ளைக்கும் ஆபரேஷன் ஆகலாம் என்றார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். சரியாகச் சேரவில்லை என்பதையும், ஆகலாம் என்பதையும். பாக்கியம் கேட்டாள்: எத்தனை நாள்? வெந்நீரில் குளிக்கலாமா? பால் கொடுத்தால் தையல் இழுக்குமா? எத்தனை வருஷம் கழித்து அடுத்தது? ஒவ்வொன்றையும் டாக்டரிடம் கேட்டு, பதிலை அவளிடம் சேர்த்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று.

"நிறையக் கேக்கிறாங்களே," என்றார் டாக்டரம்மா. "அன்னைக்குக் கிளினிக்குல ஒண்ணுமே கேக்கலையே?"

"கேட்டா டாக்டர். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் குணா எனக்கு அவர்களுடைய விரல் பாஷையைக் கற்றுத் தருகிறார். என் விரல்கள் மக்கு. பாக்கியம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் தப்புகளுக்குச் சிரிக்கிறாள். பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. நான் ஏதாவது சொன்னால் ஒரு நொடி என் முகத்தைத் தேடிப் பார்க்கிறாள். எல்லாம் சொல்லிவிட்டாளா என்று. பிறகுதான் தலையாட்டுகிறாள். அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ காது கேட்காத ஒருவர் இருக்கலாம். அவருக்காகப் பேச என்னைப் போல ஓர் அக்காவோ அண்ணனோ இருக்கலாம். அவர்கள், "சரின்னு சொல்றா," என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அவருக்கு எதிரே போய், முகம் தெரிய நின்று, நீங்களே ஒருமுறை கேளுங்கள். தாளும் பேனாவும் கொடுங்கள். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் பாக்கியத்துக்கு முழுவதையும் கையால் சொன்னேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரே ஓர் இடத்தில் நிறுத்தினாள். 'தங்கைமேல் இருந்த அன்பினால் மறைத்தேன்' என்று எழுதியிருந்தேன். அதை அடிக்கச் சொன்னாள்.

பயத்தினால் என்று போடச் சொன்னாள். போட்டுவிட்டேன்.